எக்ஸாஸ்ட் ஃபேன்

அம்பத்தூர் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் மனோகரன் மேசையருகிலும், அவர் மனைவி மைதிலி பக்கத்து நாற்காலியிலும், மேல்வீட்டு அகல்யா மூச்சிரைக்கும் குழந்தையோடு எதிரிலும், தனியாகக் குடியிருக்கும் இளைஞன் ரோஹித் வாசலோரமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க பாத்ரூம்ல தினமும் சிகரெட் புகை வருது சார். குழந்தைக்கு வீசிங்," என்றாள் அகல்யா.

எல்லோரும் ரோஹித்தைப் பார்த்தார்கள்.

"எனக்கு அந்தப் பழக்கமே இல்ல," என்றான் ரோஹித். " ஃபேனைப் போட்டா புகை வெளியே போயிடும்னு யாரோ நினைக்கிறாங்க. எல்லா ஃபேனும் நடு டக்ட்லதான் திறக்குது. புகை நேரா மேல்வீட்டுக்குத்தான் போகும்."

மனோகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரா இருந்தாலும் நோட்டீஸ் அனுப்புங்க. மிச்சத்தை அவன் பொண்டாட்டி பார்த்துக்குவா!" என்று சிரித்தாள் மைதிலி.

கூட்டம் கலைந்ததும் மனோகரன் நோட்டீஸை எழுதி, உறையை ஒட்டி, வாட்ச்மேனிடம் நீட்டினார்.

"இன்னா சார், உங்க ஊட்டு நம்பர் போட்டுக்கீது?"

"சரியாத்தான் போட்டிருக்கேன். மைதிலி அம்மா கையிலயே குடுத்துடு."