ஜீவிதாவின் முறை

சேலையூர் காலனி ஆண்டு விழா மேடையில் மாலை வெயில் சாய்வாக விழுகிறது. கேம்ப் ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் ஓய்ந்ததும் தீனா பறையைக் குச்சி நுனியால் மெல்லத் தட்டுகிறான். அவன் இருக்கும் நாட்டுப்புறக் குழு எடுத்துப் பாடும் ஒரு பழைய அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு தொடங்குகிறது. வீட்டை விட்டுப் போன கணவன் மழையில் திரும்பி வந்து, உள்ளே வரலாமா என்று கேட்கிற பாட்டு. அதைத் தமிழில் எழுதியவள் ஜீவிதாதான். அப்போது அவளும் அவள் கணவன் பென்னியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகிறது. குழு மட்டும் பிரியவில்லை. கிதார் கம்பிகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பென்னி கணவனின் கேள்வியைப் பாடி முடிக்கிறான். இனி மனைவியின் பதில். மைக்கின் வலையில் வெயில் மினுங்குகிறது. பாட வேண்டியவள் ஜீவிதா. மைக்கை விலக்கி, "இன்னொரு சுத்து வாசி தீனா" என்கிறாள். அவன் ஏன் என்று கேட்காமல் வாசிக்கிறான். தாளம் போட்டுக்கொண்டிருந்த முன்வரிசைக் கைகள் நின்று காத்திருக்கின்றன. பிறகு பாடுகிறாள்: 'தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறக்கும்.' குரல் நடுங்காதது அவளுக்கே வியப்பாக இருக்கிறது. கைதட்டலுக்கு நடுவே பென்னி பக்கத்தில் வருகிறான். "நெஜமாத்தான் சொல்றியா ஜீவி?" கீழே கிடக்கும் வயரை அவள் நிதானமாகச் சுற்றுகிறாள். "பாட்டுக்குப் பதில் சொன்னேன் பென்னி. நீ இன்னும் எதுவும் கேக்கலை."