அடுப்பில் வைத்த பால்

சரோஜா திருட ஆரம்பித்தது ஆடி மாதத்தில்.

அதுவரை கௌரவமாகக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் குடிவந்த வீட்டில் வாசலை ஒட்டிக் கொஞ்சம் மண் தரை கிடைத்தது. அதில் என்ன வைக்கலாம் என்று பார்ப்பதற்காக ஊரில் ஒரு தோட்டத்தையும் அவள் விடவில்லை. எஸ்.டி.டி. பூத் வேலை முடிந்து வரும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அப்படியும் நின்று நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். செங்கம் ரோட்டு விடுதியில் காகிதப்பூவை எப்படி மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள், மழைக்கு முன்னால் யார் வீட்டில் எந்தச் செடியை வெட்டிவிடுகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆனால் அவள் வைத்த எதுவும் வேர் பிடிக்கவில்லை.

"உன் கை பட்டா பிளாஸ்டிக் பூ கூட வாடிடும்" என்றான் கணவன் ஆதிமூலம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தான். சரோஜாவும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

எதிர்வீட்டில் முருங்கைக் கொம்பு நட்டபோது கைகொடுக்கப் போனாள். "நீ தொடாத சரோஜா" என்றார்கள். அன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

தெருக்கோடியில் குசுமாவதியின் வீடு. ஜைனக் குடும்பம். நயினார் வீடு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தெருவிலேயே பெரிய தோட்டம் அங்கேதான். மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி வேறு எங்கும் கிடையாது. குசுமாவதி இரண்டு தடவை தன் கையாலேயே குச்சி வெட்டிக் கொடுத்தாள். இரண்டும் காய்ந்துபோயின.

"கேட்டு வாங்கினா எங்கடி வரும்? திருடி வைக்கணும். அப்பதான் தழையும்" என்றாள் பக்கத்து வீட்டுத் தனம்.

சரோஜா இதை குசுமாவதியிடமே வேடிக்கையாகச் சொன்னாள்.

"அப்படியா சொல்றாங்க?" என்று குசுமாவதி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "நீ பாத்துக்கிட்டே இரு சரோஜா. அடுப்புல பால் வச்சிருக்கேன், இதோ வந்துடறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

கத்தரிக்கோல் மதில் மேலேயே இருந்தது.

விளக்கு வைத்தபின் செடியில் கை வைக்கக் கூடாது என்பார்கள். திருட்டுக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது என்று சரோஜா முடிவு செய்தாள். செம்பருத்தியில் ஒரு குச்சியை வெட்டி, ஒயர் கூடையில் போட்டு, மேலே டிபன் பாக்ஸை வைத்து மூடினாள்.

பத்தாம் நாள் துளிர் விட்டது!

அப்புறம் கை நிற்கவில்லை. ஐப்பசி மழையில் ஜாதிமல்லி. தீபத்தன்று ஊரே மலையுச்சியைப் பார்த்துக் கும்பிட்டபோது சரோஜா பன்னீர் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் குசுமாவதி அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

"நயினார் வீட்டம்மா சுத்த வெகுளி. நான் போனாதான் அங்க பால் பொங்குது. கத்தரிக்கோலைக் கூட எடுத்து வைக்கத் தெரியல" என்று தனத்திடம் சொல்லிச் சிரித்தாள் சரோஜா.

ஆதிமூலம் பிளாஸ்டிக் பூவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

மார்கழியில் வந்தது வினை.

"ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நாங்க உன் தோட்டத்தைப் பாக்க வரோம்" என்றாள் குசுமாவதி.

ஞாயிறு காலையிலேயே சரோஜா ஆரம்பித்துவிட்டாள். ஜாதிமல்லி, ரோஜாத் தொட்டிகளைத் தூக்கிக் குளியலறையில் அடைத்தாள். தரையில் வைத்த செம்பருத்தியை என்ன செய்வது? அதுவும் அன்றைக்கென்று பார்த்து மஞ்சளாகப் பூத்துத் தொலைத்திருந்தது. கைராசி இல்லாதவள் என்ற பேர் போய் இனி திருடி என்ற பேரா?

பிடுங்கிவிடலாம் என்று தண்டைப் பிடித்தாள். அவள் கையில் முதன்முதலாகப் பிழைத்த செடி. மனசு வரவில்லை.

விளக்குப் போட்ட பிறகு குசுமாவதி, கணவர் மல்லிநாதனோடு வந்தாள். நேராகப் போய்ச் செம்பருத்தி முன்னால் நின்றாள். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எவ்வளவு நல்லா வந்திருக்கு! யாரு உனக்குக் கைராசி இல்லைன்னது?" என்றாள் குசுமாவதி.

அடுத்து, செங்கம் ரோட்டு விடுதியிலிருந்து சரோஜா கிள்ளி வந்திருந்த டிசம்பர் பூவிடம் போனாள்.

"இந்த வயலட்டு மட்டும் எங்க வீட்ல வர மாட்டேங்குது. எத்தனையோ பேர்கிட்ட கேட்டு வாங்கி வச்சுட்டேன். எல்லாம் காஞ்சு போச்சு."

சரோஜா அவசரமாகப் பேச்சை மாற்றினாள். "காபி போடலாம்னா காலையிலேயே பால் திரிஞ்சு போச்சுக்கா. கடையில கலர் வாங்கியாரச் சொல்லவா?"

"ஒண்ணும் வேணாம்மா" என்றார் மல்லிநாதன். "பொழுது சாஞ்சா நாங்க எதுவும் சாப்பிடறதில்ல. இருட்டினப்புறம் எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்க மாட்டா. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவ அப்படித்தான்."

சரோஜா குசுமாவதியைப் பார்த்தாள். குசுமாவதி பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரோஜா உள்ளே போனாள். கத்தரிக்கோலை எடுத்து வந்து மதில் மேல் வைத்தாள்.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்கக்கா. அடுப்புல பால் வச்சிருக்கேன், இதோ வந்துடறேன்."