மரவள்ளித் தோட்டத்துக் குரல்

"ஏய்... போ, போ."

மரவள்ளித் தோட்டத்திலிருந்து அந்தக் குரல் எழுந்ததும் குரங்குகள் றப்பர் காட்டுக்குள் பாய்ந்து ஓடின.

"அண்ணன் குரல் கேட்டா இன்னமும் ஒரு குரங்கும் நிக்காதுக்கா" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுத் தவமணி.

பாக்கியம் தோட்டத்துப் பலா மரத்தைப் பார்த்தாள். அந்த மரத்தடியில் பாம்பு தீண்டிப் புருஷன் செத்த அன்று, காலையில் அவர் தொங்கவிட்ட கூண்டு அங்கேயே ஆடியது. உள்ளே அவர் வளர்த்த மைனா.

"நான் பக்கத்துல பீலித் தண்ணியிலதான் குளிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு சத்தமும் கேக்கலயே தவமணி."

"கடிச்சதும் உசுரு போயிருக்கும்னு எல்லாரும் சொன்னாங்கல்ல? கூப்பிட எங்கக்கா நேரம்? மைனாவுக்குப் புதுசா ஏதாச்சும் பழக்குங்க, மனசு ஆறும்."

"ஒரே பேச்சத் திரும்பத் திரும்பச் சொன்னாத்தான் இது படிக்கும். அந்தப் பொறுமை அவருக்குத்தான்."

மரத்தடியில் சருகு சலசலத்தது. சாரைப்பாம்பு ஒன்று ஊர்ந்து போனது. மைனா தலையைச் சாய்த்து அதையே பார்த்தது. பிறகு, பாக்கியம் அதுவரை கேட்டிராத பேச்சொன்றை அவர் குரலில் சொல்லத் தொடங்கியது.

"பாக்கியம், பாம்பு கடிச்சிருச்சு, ஓடியா. பாக்கியம், பாம்பு கடிச்சிருச்சு, ஓடியா. பாக்கியம்..."