விழப் பழகாத வடிவு

பக்கத்துச் சுவரில் இருக்கும் வடிவைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று சிங்காரம் பல்லிக்குக் கொள்ளை ஆசை. எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகள் டிவியில் பார்க்கும் பொம்மைப் படத்தைப் பார்த்து அதையும் கற்றுக்கொண்டது.

“வடிவு, நீ கண்ணைச் சிமிட்டிட்டு மயங்கி விழணும். நான் கீழே நின்னு தாங்கிப் பிடிப்பேன். அப்புறம்தான் கல்யாணம்.”

“சிமிட்டுறதுக்கு நமக்கு ஏது இமை? விழவும் எனக்கு வராதே.”

“பொம்பளைன்னா விழணும். படத்துல எல்லாரும் விழறாங்க.”

சரி போகட்டும் என்று வடிவு ஒரு காலை எடுத்தது. மற்ற மூன்றும் சுவரை விடவில்லை.

தரையில் கையை விரித்து நின்ற சிங்காரத்துக்குப் பின்னால் பூனை வந்தது. சிங்காரம் திரும்பிப் பார்த்தது, அப்படியே மல்லாந்து மயங்கியது. இமை இல்லாத கண் மட்டும் திறந்தபடி கிடந்தது.

வடிவு விறுவிறுவென்று இறங்கி, பூனையின் மூக்குக்கு நேரே தன் வாலை அறுத்துப் போட்டது. துள்ளுகிற வாலைப் பூனை துரத்தவும், வடிவு சிங்காரத்தின் காலைக் கவ்விச் சுவரில் இழுத்துக்கொண்டு போனது.

மயக்கம் தெளிந்ததும் சிங்காரம் மெல்லக் கேட்டது. “கல்யாணம் உண்டா, இல்லையா?”

“உண்டு,” என்றது வாலில்லாத வடிவு. “ஆனா பிடிக்கிறது நான். நீ விழறதுதான் ரொம்ப அழகா இருக்கு.”