முப்பத்தோராம் பக்கம்

கத்திக் கத்தியே பறக்கும் வீரன் சேந்தனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சலூன் பெஞ்சில் கிடக்கும் இந்தக் காமிக்ஸின் முப்பத்தோராம் பக்கத்தில் நின்றுகொண்டு, படிப்பவர்கள் முகத்தைப் பார்த்து எத்தனை தடவைதான் கெஞ்சுவது? பக்கத்தைத் திருப்பினால் அவன் தங்கை பூங்கோதை பாலத்திலிருந்து விழுந்து சாவாள். ஆனாலும் ஒவ்வொரு தடியனும் விரலில் எச்சில் தொட்டுத் திருப்பித் தொலைக்கிறான்.

இன்று முடிவெட்ட வந்த ஒருவர் மட்டும் நிறுத்தி, சேந்தனின் வசனத்தை வாய்விட்டுப் படித்தார்: “யோவ், திருப்பாதய்யா! என் தங்கச்சி செத்துடுவா!”

ஒருவர் காதிலாவது விழுந்ததே என்று சேந்தன் பக்கத்தின் ஓரம்வரை ஓடி வந்தான்.

“பாருங்கண்ணே, நம்மகிட்டயே பேசுறான்!”

“அடுத்து நீங்கதான், வாங்க,” என்றார் கடைக்காரர்.

“ஒரு நிமிஷம்ணே. அவ சாகுறாளான்னு மட்டும் பாத்துட்டு வந்துடுறேன்,” என்றபடி அவர் விரலை நாக்குக்குக் கொண்டுபோனார்.