டீச்சருக்கு எந்தத் தெரு?

ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்தும் கூட்டம். சிதம்பரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த ஜோதிலட்சுமி, இந்த வருடம் பிள்ளைகள் என்னென்ன படிக்கப்போகிறார்கள் என்று விளக்கி முடித்து, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றாள்.

கடைசி பெஞ்சிலிருந்து தனம் என்ற தாய் எழுந்தாள். "டீச்சருக்கு எந்த ஊரு?"

"சேத்தியாத்தோப்பு."

"அங்க எந்தத் தெரு?"

ஜோதிலட்சுமி தனத்தை முறைத்தாள். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் இதே கேள்விதான். சாதியை நேராகக் கேட்கத் துணிச்சல் இல்லாத ஜென்மங்கள் தெருவைக் கேட்கின்றன.

"என் தெரு தெரிஞ்சாதான் உங்க பொண்ணுக்குக் கணக்கு ஏறுமா?"

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் சிரித்தார். "நல்லா கேட்டீங்க டீச்சர். படிக்காத ஜனம், இப்படித்தான்."

தனம் உட்காரவில்லை.

"கணக்கெல்லாம் நல்லா ஏறுது. போர்டுல போடத்தான் போவமாட்டேங்குது. போன வருசம் கணக்கு எடுத்தவரு மத்த புள்ளைங்களுக்கு சாக்பீச கையில குடுப்பாரு. எம் பொண்ணுக்கு மட்டும் தரையில போட்டு எடுத்துக்கம்பாரு. நீங்களாவது கையில குடுப்பீங்களான்னு தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்."

ஜோதிலட்சுமி உடனே கேட்டாள்: "யாரு அவரு?"

"உங்க பக்கத்துல நிக்கிறாரே, அவுருதான்."

வகுப்பறை மொத்தமும் தலைமையாசிரியரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முடிஞ்சுபோனதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றவர், ஜோதிலட்சுமியை விட்டு ஓரடி தள்ளி நின்று குரலைத் தணித்தார்.

"ஆமா டீச்சர், எந்தத் தெருன்னு நீங்க சொல்லவே இல்லியே?"