பிள்ளைத்தாய்ச்சியின் துண்டு

பனிக்கடல் கரையில் இழுத்துப் போட்ட கொம்புத் திமிங்கலத்தின்மேல் வெயில் வழுக்குகிறது. கொழுந்தன் ஓடாக், தோலோடு கொழுப்பைச் சீவி, கத்தி முனையிலேயே அண்ணி நவரானாவிடம் நீட்டுகிறான். பிள்ளைத்தாய்ச்சி வாயில் வைக்காமல் இங்கே யாரும் கறியைத் தொடுவதில்லை. ஊரே கத்தியும் கையுமாகக் காத்து நிற்கிறது. "தின்னுங்க அண்ணி, எல்லாருக்கும் பசிக்குது." அவள் சட்டைப்பையில், காலையில் நர்ஸ் கொடுத்த தாள் நான்காய் மடிந்து கிடக்கிறது: தலைமுடிப் பரிசோதனையில் பாதரசம் அளவுக்கு மேல், குழந்தையின் மூளைக்கு ஆகாது, அது ஊறிய திமிங்கலக் கறி கூடவே கூடாது. கத்தியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. அவள் வாங்கி மெல்கிறாள். விஷத்துக்கென்று ஒரு ருசி இருக்குமோ என்று நாக்கு துழாவுகிறது. அதே பழைய தித்திப்புதான். "எப்படி?" "நல்லாத்தான் இருக்கு." ஓடாக் சிரித்துக்கொண்டே இன்னொன்றை, இன்னும் பெரிதாக, அறுத்து நீட்டுகிறான். "அது உங்களுக்கு. இது பயலுக்கு."